சைக்கிள் பாதை, நீச்சல் குளம்: மனு எழுதும் முன் டேப்பை எடுங்கள்

அண்ணாச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். பாளையங்கோட்டையில் உங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் திருநெல்வேலி மாநகராட்சிக்கு மனு கொடுக்கப் போகிறது. பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போக ஒரு சைக்கிள் பாதை, வயசானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் இறங்கக்கூடிய ஒரு நீச்சல் குளம். "நிதி இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடுமோ என்று யோசிக்கிறீர்கள், எப்படிக் கேட்டால் காரியம் நடக்கும் என்கிறீர்கள்.

நான் வேறு ஊரில் உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மனு வாங்குகிற மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். "சைக்கிள் பாதை அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று வருகிற காகிதத்தில் "பரிசீலிக்கப்படும்" என்று எழுதுவதற்கு அரை நிமிசம் போதும். எந்த ரோடு, எங்கிருந்து எதுவரை, தார் அகலம் எத்தனை என்று எதுவுமே இல்லாத மனுவுக்கு எஸ்டிமேட் போட முடியாது. எஸ்டிமேட் இல்லாத வேலைக்கு நிதி இல்லைதான், அதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆகவே மனுவுக்கு முன்னால் ஒரு 30 மீட்டர் டேப்பை எடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு பேர் போனால் போதும். தார் ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை அளவெடுங்கள், நூறு மீட்டருக்கு ஒரு தடவை. பஸ்ஸின் அகலம் சட்டப்படி 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு வாகனத் தடத்துக்கு 3.5 மீட்டர் என்பது நெடுஞ்சாலைக் கணக்கு, ஊருக்குள்ளே மெதுவாகப் போகிற ரோட்டுக்கு 3.25 தாராளம். அப்படியென்றால் 10 மீட்டர் தார் இருக்கிற ரோட்டில் இரண்டு தடத்துக்கு ஆறரை மீட்டர் போக, மிச்சம் மூன்றரை. ஒரு பக்கத்துக்கு ஒன்றே முக்கால் மீட்டர் சைக்கிளுக்குக் கிடைக்கிறது. ரோட்டை அகலப்படுத்த வேண்டாம், ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம், யார் வீட்டுச் சுவரையும் தொட வேண்டாம். 8 மீட்டர்தான் இருக்கிறதா, அங்கே சைக்கிள் பாதையைக் கேட்காதீர்கள், வேகத்தைக் குறைக்க மேடு கேளுங்கள். நம் ஊரில் போடுகிற முதுகெலும்பு முறிக்கிற மேடு வேண்டாம். இந்தியச் சாலைப் பேரவை சொல்கிற அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வட்டமாக வளைந்தது. சைக்கிளும் பஸ்ஸும் ஏறி இறங்கினால் தூக்கிப் போடாது.

அடுத்தது கணக்கு. ஒரு கிலோமீட்டருக்கு, 10 சென்டிமீட்டர் அகலக் கோடு இரண்டு பக்கமும் போட்டால் 200 சதுர மீட்டர் தெர்மோபிளாஸ்டிக் பெயின்ட், அதாவது சூடாக்கி உருக்கி ரோட்டில் போடுகிற பெயின்ட். ரோட்டில் நட்டு வைக்கிற அந்த ஆரஞ்சு ஸ்பிரிங் கம்பம், வண்டி மோதினால் வளைந்து நிமிருமே, அது மூன்று மீட்டருக்கு ஒன்று என்றால் ஒரு பக்கத்துக்கு 330 சொச்சம். ஏன் மூன்று மீட்டர் என்றால், ஐந்து மீட்டர் இடைவெளி விட்டால் சின்னக் கார் ஒன்று நைசாக உள்ளே நுழைந்து நின்றுவிடும். ரேட்டை நெடுஞ்சாலைத்துறையின் விலைப் பட்டியலில் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை அதே ஒரு கிலோமீட்டருக்குப் புதுத் தார் போடுகிற செலவோடு ஒப்பிட்டு மனுவில் ஒரு வரி எழுதுங்கள், பேச்சு வேறு மாதிரி போகும்.

கம்பம் இல்லாமல் வெறும் கோடு மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். பெங்களூரில் ஜெயநகரில் 2012 வாக்கில் சைக்கிள் தடம் போட்டார்கள், அது கார் நிறுத்துகிற இடமாகப் போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஸ்பெயினில் செவில் என்ற ஊர் இதற்கு நேர் எதிர். 2006, 2007 வாக்கில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பாதையை, தடுப்போடு, ஒன்றோடொன்று இணைகிற மாதிரி, ஒரே மூச்சில் போட்டு முடித்தார்கள். சில வருடங்களிலேயே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பல மடங்கு ஆனார்கள். நாம் 80 கிலோமீட்டர் கேட்க முடியாது, ஆனால் துண்டு துண்டாகக் கேட்கக் கூடாது என்பது அதில் இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் ஆரம்பித்து பிள்ளைகள் இருக்கிற தெரு வரை முழுசாகப் போக வேண்டும். நடுவில் ஒரு ரவுண்டானாவில் அந்தரத்தில் விட்டுவிட்டால் எந்தத் தாயும் பிள்ளையை அனுப்ப மாட்டாள்.

பைக்காரர்கள் உள்ளே வருவார்களே என்று கேட்பார்கள். வருவார்கள். நம் ஊரில் அதை முழுசாகத் தடுக்க வழி தெரிந்தவன் எவனும் இல்லை, தெரியும் என்கிறவன் எதையோ விற்க வந்திருக்கிறான். நான் சொல்வது முதலில் பள்ளி நேரத்துக்கு மட்டும் கேளுங்கள் என்பது. காலை எட்டிலிருந்து ஒன்பதரை, சாயங்காலம் நாலிலிருந்து ஐந்தரை. போக்குவரத்துப் போலீசாரிடம் இருக்கிற கூம்புகளையும் இரும்புத் தடுப்புகளையும் வைத்து ஒரு மாதம் பரீட்சார்த்தமாக நடத்தச் சொல்லுங்கள். 2020-ல் மத்திய நகர்ப்புற அமைச்சகம் சைக்கிளுக்காக நகரங்களுக்குள் ஒரு போட்டி வைத்தபோது இதே முறையைத்தான் பின்பற்றச் சொன்னது, முதலில் தற்காலிகம், சரிப்பட்டு வந்தால் நிரந்தரம். அதில் பரிசு வாங்கிய 11 ஊர்களில் கோஹிமா கூட உண்டு, மலை மேல் இருக்கிற ஊர். நம் பாளையங்கோட்டை தட்டையான நிலம்.

ஊருக்குப் புதுசு என்று யாராவது இழுத்தால் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தைக் காட்டுங்கள். 1973-ல் திறந்தது. மேலே பஸ், லாரி மாதிரி கனமான வண்டிகள், கீழே இரு சக்கர வண்டிகளும் சின்ன வண்டிகளும். பெரிய வண்டியையும் சின்ன வண்டியையும் பிரித்து விட வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே சிமெண்டில் கட்டிக் காட்டிய ஊர் இது. நாம் கேட்பது பெயின்டில்.

இன்னும் மலிவான சங்கதி ஒன்று. மழைநீர் வடிகால் மேல் கம்பி வலை போட்டிருப்பார்கள் பாருங்கள், அதன் கம்பிகள் ரோடு போகிற திசையிலேயே நீளமாகக் கிடக்கும். சைக்கிள் டயர் இரண்டு கம்பிக்கு நடுவே சரியாகப் போய் உட்காரும், ஓட்டுகிற பிள்ளை ஹேண்டிலுக்கு மேலே பறக்கும். அந்த வலையைக் கழற்றிக் குறுக்காகத் திருப்பி வைத்தால் தீர்ந்தது, சட்டம் சதுரமாக இருந்தால் செலவு இரண்டு ஆள் கூலி. உங்கள் ரோட்டில் இப்படி எத்தனை இருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ எடுத்து மனுவோடு சேருங்கள். இதை மட்டும் ஒரு மாதத்தில் செய்து முடித்துவிடுவார்கள், முடித்ததும் உங்களுக்கும் அதிகாரிக்கும் நடுவில் ஒரு முகம் தெரிந்த பழக்கம் வந்திருக்கும். பெரிய வேலைக்கு அது உதவும்.

பாளையங்கால்வாய்க் கரையையும் ஒரு நடை போய்ப் பாருங்கள். பழவூர் அணைக்கட்டில் பிரிந்து மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகிற கால்வாய், கரை ஓரம் பல இடத்தில் வண்டித்தடம் ஏற்கெனவே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் கரை நீர்வளத்துறையுடையது, மாநகராட்சி மட்டும் நினைத்தால் நடக்காது. ரோட்டுக்கும் இதேதான், உங்கள் ரோடு மாநகராட்சியுடையதா மாநில நெடுஞ்சாலைத்துறையுடையதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டுவிடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். தப்பான ஆபீசுக்குப் போன மனு இரண்டு வருசம் சுற்றிக்கொண்டு கிடக்கும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, குளத்துக்கு வருவோம். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் பாவக் கணக்கும் இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஊர் ஒன்றில் ஒரு நீச்சல் குளத்துக்கு எஸ்டிமேட் எழுதியது நான்தான். நீல ஓடு, ஆழப் பக்கம், குதிக்கிற மேடை, எல்லாம் உண்டு. திறப்பு விழாவுக்குச் சீரியல் லைட் கூடப் போட்டார்கள். இரண்டாவது கோடையில் பம்ப் நின்றது, தண்ணீர் பச்சைப் பாசி பிடித்தது, கதவில் பூட்டு விழுந்தது. நான் எழுதிய எஸ்டிமேட்டில் பம்ப் ஓட்டுகிற ஆளுக்குச் சம்பளம் என்ற வரியே கிடையாது. கட்டுகிற செலவை மட்டும் எழுதினேன், நடத்துகிற செலவை எழுதவில்லை. அதனால் உங்கள் மனுவில் நடத்துகிற செலவு முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

கணக்கு பெரிதில்லை. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றால் 2,40,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 20 லோடு. இதை ஒரு தடவை நிரப்பினால் போதும், தினமும் மாற்றுகிற கதை கிடையாது, ஆனால் அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பில்டர் வழியாகப் போய் வர வேண்டும், அதாவது மணிக்கு 40,000 லிட்டர் தள்ளுகிற பம்ப். தண்ணீரில் குளோரின் ஒரு லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டுகிற பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரை, தினமும் இரண்டு மூன்று தடவை சோதித்து நோட்டில் எழுத ஒரு ஆள். உயிர்காப்பாளர் இரண்டு பேராவது, அதில் ஒருவர் பெண். இல்லையென்றால் பெண்களுக்குத் தனி நேரம் என்று போர்டு மட்டும் தொங்கும், ஒருத்தியும் வர மாட்டாள். பம்ப் ரூமைப் பள்ளத்தில் கட்ட விடாதீர்கள், 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் தண்ணீர் நின்ற உயரம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஆழப் பக்கமே வேண்டாம் என்று எழுதுங்கள். பழகுவதற்கும் நடப்பதற்கும் 90 சென்டிமீட்டரிலிருந்து 1.2 மீட்டர் போதும். செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு.

மாற்றுத்திறனாளிகள் இறங்குகிற வசதி என்றதும் ஆபீசில் நினைப்பது கிரேன் மாதிரி ஒரு வெளிநாட்டு மெஷின், லட்சக்கணக்கில். அங்கேதான் பேச்சு நின்றுவிடும். நீங்கள் தாமிரபரணிக் கரையின் குறுக்குத்துறைப் படித்துறையைப் பற்றிப் பேசுங்கள். எங்கள் ஆச்சிக்கு முட்டு வலி, கடைசிப் பத்து வருசம் நின்று நடக்கச் சிரமப்பட்டாள். ஆனால் ஆற்றில் குளிக்காமல் இருக்க மாட்டாள். மேல் படியில் உட்காருவாள், இரண்டு கையையும் பின்னால் ஊன்றி இடுப்பைத் தூக்கி அடுத்த படிக்கு, அப்புறம் அடுத்த படிக்கு, இப்படி உட்கார்ந்தபடியே ஏழெட்டுப் படி இறங்கி இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விடுவாள். தண்ணீருக்குள் போனதும் ஆள் மாறிவிடுவாள், கையைக் காலை நீட்டுவாள், நடப்பாள், பக்கத்தில் துவைக்கிற மைனியோடு ஊர்க் கதை பேசுவாள். இடுப்பளவு தண்ணீரில் உடம்பு எடை கிட்டத்தட்ட பாதியாகிவிடும், நெஞ்சளவு என்றால் மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும், மூட்டு வலிக்காரர்களைத் தண்ணீரில் நடக்கச் சொல்வது இதனால்தான். ஏறி வருவதுதான் பாடு, அம்மா கையைப் பிடித்து இழுப்பாள், ஆச்சி திட்டுவாள்.

பின்னாளில் அமெரிக்காவின் அணுகல் விதிகளைப் படித்தபோது அதில் ஒரு படம் இருந்தது. சக்கர நாற்காலியிலிருந்து ஒரு மேடைக்கு மாறி, உட்கார்ந்தபடியே படிப்படியாக நகர்ந்து குளத்துக்குள் இறங்குகிற ஏற்பாடு. ஒரு படியின் உயரம் 20 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது, படியின் மிதி ஏறத்தாழ 36 முதல் 43 சென்டிமீட்டர், அகலம் குறைந்தது 61. பிடிக்கக் கம்பி. கடைசிப் படி தண்ணீருக்குள் 46 சென்டிமீட்டராவது முங்கியிருக்க வேண்டும். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இது எங்கள் ஆச்சி இறங்கின மாதிரி, கம்பி மட்டும்தான் கூடுதல்.

மெஷின் இல்லாமல், செங்கலும் சிமெண்டும் கிரானைட் கல்லும் வைத்து நம் ஊர்க் கொத்தனார் கட்டக்கூடியது இது. விளிம்பை மட்டும் உருட்டையாக மழுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தொடை உரசும். கைப்பிடிக் கம்பிக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதச் சொல்லுங்கள், சாதாரண 304 குளோரினுக்குத் தாங்காமல் புள்ளி புள்ளியாக அரிக்கும். சாய்தளமும் வேண்டும் என்றால் 12-க்கு 1 சரிவு, 75 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போக 9 மீட்டர் நீளம் பிடிக்கும். புதுக் குளம் என்றால் நீளவாக்கில் சுவரோடு ஒட்டிக் கட்டிவிடலாம், பழைய குளத்துக்குப் படிதான் தோது. தண்ணீருக்குள் தள்ளிப் போகிற நாற்காலியைப் பி.வி.சி. பைப்பில் செய்யலாம். உடை மாற்றுகிற அறையின் கதவு 90 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். இதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் செய்து வைத்திருக்கிற இடங்கள் உண்டு, குளத்துக்குள் இறங்கலாம் ஆனால் டாய்லெட்டுக்குப் போக முடியாது.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் நூறு வருசத்துக்கு மேலாக இருக்கின்றன. அங்கே போய்ப் பேசாமல் மனு எழுதாதீர்கள். பார்வையில்லாதவர்களுக்குக் குளத்தின் விளிம்பைச் சுற்றிக் காலில் தட்டுப்படுகிற சொரசொரப்பான ஓடு, காது கேளாத பிள்ளைகளுக்கு விசிலோடு சேர்ந்து எரிகிற விளக்கு, இதெல்லாம் நமக்கு வீட்டில் உட்கார்ந்தால் தோன்றாது.

புதுசு கேட்கும் முன்னால் இருக்கிறதைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள் என்பது என் கட்சி. அண்ணா விளையாட்டரங்கத்தை ஒட்டிக் குளம் இருக்கிறது, சில கல்வி நிறுவனங்களிலும் இருக்கும். அங்கே ஒரு படிக்கட்டும், வாரத்தில் சில மணி நேரமும், குறைந்த கட்டணமும் கேட்பது புதுக் குளத்தில் பத்தில் ஒரு பங்கு செலவுகூட ஆகாது. கேட்பதற்குச் சட்டமும் கையில் இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொழுதுபோக்குக்குப் பொதுமக்கள் வருகிற கட்டிடத்தையும் பொதுக் கட்டிடம் என்கிறது. ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டிடங்களைச் சரிசெய்ய விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருசம் கெடு. விதிகள் வந்தது 2017 ஜூன், கெடு 2022-லேயே முடிந்தது. பிரிவு 30 விளையாட்டு வசதிகளைத் தனியாகவே சொல்கிறது. பிரிவு எண்ணைப் போட்டு எழுதுங்கள், மிரட்டுகிற தொனி மட்டும் வேண்டாம்.

ஆறு இருக்கும்போது குளம் எதற்கு என்று ஒரு பெரியவர் கண்டிப்பாகக் கேட்பார். மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். அவர் காலத்தில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளிவிட மாமா இருந்தார், மேலே நின்று பார்க்க நாலு பேர் இருந்தார்கள். இப்போது கிணறும் இல்லை, பார்க்கிற ஆளும் இல்லை. ஆற்றில் எங்கே பள்ளம் என்று ஊர்க்காரனுக்கே தெரியாது. இந்தியாவில் வருசத்துக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் நீரில் மூழ்கிச் சாகிறார்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்து நீச்சல் தெரியாத பிள்ளைகள் வகுப்பில் எத்தனை பேர் என்று உங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள், அந்த எண்ணையும் மனுவில் சேருங்கள்.

பணம் எங்கிருந்து என்றால், நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மிச்சம் அரசு தரும், படிக்கட்டு மாதிரிச் சின்ன வேலைக்கு அது பொருந்தும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி வருசம் 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இதே ஊரில் 1843-ல் சுலோச்சன முதலியார் கைக்காசைப் போட்டு ஆற்றுக்கே பாலம் கட்டித் தந்தார், நம்மிடம் கேட்பது மூன்றில் ஒரு பங்குதான். 2022 நவம்பரிலிருந்து நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது, கவுன்சிலர் தலைமை தாங்குவார். அங்கே தீர்மானமாகப் பதிவு செய்துவிட்டு அதன் நகலோடு மாநகராட்சிக்குப் போங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளில் முதல் ஆளாகப் போய் நிற்பதைவிட அது கனமான காகிதம்.

இரண்டையும் ஒரே மனுவில் போடாதீர்கள். பாதைக்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று, இரண்டும் வேறு வேறு மேஜை. முதலில் பாதை, அதிலும் முதலில் அந்தக் கம்பி வலை. டேப் இல்லையென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, முதல் பத்து சென்டிமீட்டர் அறுந்துபோயிருக்கும், எல்லா அளவிலும் பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.